அத்தையின் இடது கட்டைவிரல்

அத்தையின் பழைய கைபேசியில் ஒரு நீலக் கறை இருக்கிறது. திரைக்குக் கீழே, விரல் வைத்துத் திறக்கும் வட்டப் பொத்தானைச் சுற்றி ஒரு மெல்லிய பள்ளம் உண்டு. அதற்குள் மை இறங்கிக் காய்ந்துவிட்டது. துணியை நனைத்துத் துடைத்துப் பார்த்திருக்கிறேன், பல்குத்தும் குச்சியால் சுரண்டிப் பார்த்திருக்கிறேன், போகவில்லை. மலேசியாவில், ஈப்போ நகரத்தின் ஓரத்தில் அத்தை இப்போது குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டில், கண்ணாடி அலமாரியின் மேல்தட்டில் அது கிடக்கிறது. யாரும் அதில் பேசுவதில்லை.

அத்தை என் அப்பாவின் அக்கா. கோலா கங்சார் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில், லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில் பிறந்து, பன்னிரண்டு வயதில் பால் வெட்டப் போனவர். எங்கள் குடும்பத்தில் அவருக்கு மட்டுமல்ல, யாருக்குமே எழுத்து வாய்க்கவில்லை. அப்பாவுக்குத் தன் பெயரை எழுதத் தெரியும், அவ்வளவுதான். முழுதாகப் பள்ளி முடித்ததும் பல்கலைக்கழகத்துக்குப் போனதும் நான்தான். இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயரும் என்று தோழிகள் கேலி செய்வார்கள். உயரட்டுமே. பெரட்டுக் களத்தில் விடியும் முன்னே பெயர் கூப்பிடக் காத்து நின்ற மூன்று தலைமுறைக்குப் பிறகு, பட்டமளிப்பு மண்டபத்தில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். அன்றைக்கு அத்தை தன் கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்து, என் பெயர் காதில் விழுந்ததும் தானே எழுந்து நின்றுவிட்டார்.

அத்தையின் கணவர் நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே ஜொகூருக்கு வேலை தேடிப் போனவர். ஒரே ஒரு கடிதம் அவரிடமிருந்து வந்தது. அந்தக் காலத்தில் தோட்டத்துக்கு வரும் கடிதமெல்லாம் ஆபீசுக்குத்தான் போகும். படிக்கத் தெரியாதவர்களின் கடிதத்தை ஆபீஸ் எழுத்தரான கிராணி உடைத்து, சன்னல் வழியாக வாசித்துக் காட்டுவார். அவர் கெட்டவர் இல்லை. அது அவர் செய்த உபகாரம். அன்று சம்பள நாள், சன்னலுக்கு வெளியே நீளமான வரிசை. "இனிமேல் எனக்காகக் காத்திருக்க வேண்டாம், இங்கே எனக்கு வேறு குடும்பம் அமைந்துவிட்டது" என்ற வரியை, தெளிவாக உச்சரிக்கப் பழகிய தன் குரலில் கிராணி வாசித்தார். அத்தைக்குப் பின்னால் நின்றவர்கள் அத்தனை பேரும் கேட்டார்கள். "நான் லயத்துக்கு வந்து சேர்றதுக்குள்ள சேதி எனக்கு முந்தி வந்து அடுப்பங்கரையில உக்காந்துருச்சு" என்று அத்தை சொல்வார். எனக்கு ஏழு வயதாகி, நான் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியதும், அத்தை ஒரு பிஸ்கட் டின்னிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து என்னிடம் கொடுத்தார். "பாப்பா, கிராணி வாசிச்சதுதான் இதுல இருக்கான்னு பாரு." நான் ஒவ்வொரு சொல்லாகப் படித்தேன். கிராணி ஒரு சொல்லைக்கூடக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. அத்தை கடிதத்தை வாங்கி மடித்து டின்னுக்குள் வைத்தார். அவர் வேறு ஏதோ ஒரு வரிக்காக அத்தனை வருடம் காத்திருந்தார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

தோட்டம் கைமாறி ரப்பர் மரங்கள் விழுந்தன, எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்தது. வெளிநாட்டு ஆட்கள் வேலைக்கு வந்தார்கள். எங்களுக்கு வேலை போயிற்று, ஆனால் லயத்து வீடுகளில் பதினோரு குடும்பம் அப்படியே இருந்தது. அத்தை குத்தகைக்காரர் மூலம் டவுனில் அரசாங்க நில அலுவலகத்தில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தார். நான் ஈப்போவில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த மாதம் அவருக்கு இந்தக் கைபேசியை வாங்கிக் கொடுத்தேன்.

பூட்டுப் போடும் இடத்தில் ஒரு சிக்கல் வந்தது. அவருடைய வலது கட்டைவிரலை இயந்திரம் ஏற்கவில்லை. கத்திப்பிடியும் பாலை உறைய வைக்கும் மருந்தும் ரேகைகளைத் தின்றுவிட்டிருந்தன. எட்டாவது தடவையும் மறுத்தபோது அத்தை சிரித்தார். "எடது கைய வையி லா. கைநாட்டுக்கு எப்பவும் எடதுதான் கேப்பாங்க." இடது விரலை முதல் தடவையிலேயே இயந்திரம் அடையாளம் கண்டுகொண்டது. எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. சம்பளப் புத்தகத்திலும் தொழிற்சங்கக் காகிதத்திலும் ஆஸ்பத்திரிச் சீட்டிலும் ஐம்பது வருடமாக அத்தை வைத்த கைநாட்டு, இப்போது அவருடைய சொந்தச் சாவியாக ஆகிவிட்டது என்று அலுவலகத்தில் எல்லாரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

எழுதத் தெரியாதவருக்குக் குரல் செய்தி என்பது பெரிய வரம். பொத்தானை அழுத்திக்கொண்டு பேசினால் போதும். முதலில் அவர் நம்பவில்லை. "இது நடுவுல யார் கையிலெல்லாம் போவுது?" என்று கேட்டார். நான் என் படிப்பையெல்லாம் திரட்டி விளக்கினேன். நீங்கள் பேசுவது உங்கள் கைபேசியிலேயே பூட்டப்பட்டுவிடும், அந்தப் பூட்டுக்கு என் கைபேசியில் மட்டும்தான் சாவி, நடுவில் கொண்டுபோகிற கம்பெனிக்காரனாலும் கேட்க முடியாது, அரசாங்கத்தாலும் முடியாது. அத்தை கைபேசியைப் புரட்டிப் பார்த்தார்.

"கிராணி இல்ல?"

"கிராணி இல்ல, அத்தை."

அதற்குப் பிறகு அவர் பேசிய பேச்சு! பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளின் குறட்டை, மேலாளரின் விக், அப்பாவின் பிடிவாதம், என் கல்யாணம். "ஏ படிச்சவளே, ஒனக்கு மாப்பிள்ளை பாக்க நான் அப்ளிகேசன் போடணுமா?" என்று தொடங்கி மூன்று நிமிடம் ஓடும் செய்திகள். ஒருநாள், முதன்முதலாக, தன் கணவரைப் பற்றியும் பேசினார். அதை நான் இங்கே எழுத மாட்டேன்.

அத்தை வேலை பார்த்த அலுவலகத்தில் ஒரு மலாய்ப் பெண் ஒப்பந்த எழுத்தராக இருந்தார். என் வயதுதான் இருக்கும். அத்தையை மலாயில் உரிமையோடு 'மக்சிக்', அதாவது அத்தை, என்று அழைத்து, தன் மதிய உணவில் பாதியை எடுத்து வைப்பாராம். லயத்தைக் காலி செய்யச் சொல்லி எங்களுக்கு அறிவிப்பு வந்தபோது, அத்தை தேநீர் நேரத்தில் அந்தப் பெண்ணிடம் அழுதிருக்கிறார். இரண்டு நாள் கழித்து அந்தப் பெண் ஒரு கோப்பின் பக்கத்தைப் படம் பிடித்து அத்தைக்கு அனுப்பினார். அத்தை அதை எனக்கு அனுப்பி, "இதுல என்னா போட்டிருக்கு?" என்று கேட்டார். லயமும் கோயிலும் இருக்கும் நிலத்தைத் தோட்டத் தொழிலாளர் வீடுகளுக்காக ஒதுக்கி வைக்கப் பழைய திட்டமொன்று இருந்தது என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது.

அன்று அத்தை இன்னொரு கேள்வியும் கேட்டார். அந்தக் குரல் செய்தி இன்னும் என்னிடம் இருக்கிறது. "பாப்பா, படத்தை அழிச்சிரவா? அந்தப் பிள்ளைக்கு ஒன்னும் ஆயிரக் கூடாது." நான் பதில் அனுப்பினேன்: "வேண்டாம் அத்தை, அது ஆதாரம். பத்திரமா வையுங்க. யாராலயும் பாக்க முடியாது."

குடியிருப்பாளர்கள் சார்பில் அந்த அலுவலகத்துக்கு மறுப்புக் கடிதம் எழுதியதும் நான்தான். அதுவரை அவர்கள் யாரும் கண்டிராத மலாய் நடையில் எழுதினேன். எழுதியதோடு நிற்காமல், சொன்னதற்குச் சான்றாகக் கோப்பின் எண்ணையும் பக்க எண்ணையும் அடைப்புக்குள் போட்டேன். எங்கிருந்து எடுத்தோம் என்று காட்டாத வாக்கியத்துக்கு மதிப்பெண் கிடையாது என்று பல்கலைக்கழகத்தில் பழகிய கை அது. கடிதத்தைப் படித்துக் காட்டியபோது லயத்தில் எல்லாரும் கைதட்டினார்கள். "இப்பிடி எழுதுனா தொரையே எந்திரிச்சு நிப்பான்" என்றார் அப்பா. வெளியார் பார்க்கக்கூடாத ஒரு கோப்பின் பக்க எண் எங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று யாராவது கேட்பார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

கேட்டார்கள். அந்த அலுவலகத்தில் கூட்டிப் பெருக்குபவர் எங்கள் லயத்துக்காரர் என்பதைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை. போலீஸில் புகார் கொடுத்தார்கள். ஒரு காலையில் இரண்டு அதிகாரிகள் வந்து அத்தையை நிலையத்துக்கு அழைத்துப் போனார்கள். நான் ஈப்போவில் வேலையில் இருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா அழைத்துச் சொன்னதும் பஸ் பிடித்துப் போனேன். நான் போய்ச் சேர்ந்தபோது அத்தை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இடது கட்டைவிரல் நீலமாக இருந்தது.

யாரும் மிரட்டவில்லையாம். தண்ணீர் கொடுத்தார்களாம். மலாயில் ஏதோ வேகமாக வாசித்து, மைப்பெட்டியைத் திறந்து காட்டி, காகிதத்தில் விரல் வைக்கச் சொன்னார்கள். வைத்தார். இன்னொரு காகிதம் வந்தது. வைத்தார். அதன் பிறகு அவருடைய கைபேசியையே எடுத்து நீட்டி, இங்கேயும் வையுங்கள் என்றார்கள். மை காயாத விரலை அதிலும் வைத்தார்.

"வைக்க மாட்டேன்னு சொல்லியிருக்கலாமே அத்தை."

அத்தை என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையில் கோபம் இல்லை. நிஜமான திகைப்பு இருந்தது. "அப்பிடிச் சொல்லலாமா?"

உலகத்தில் மிகப் பெரிய கணினிகள் பல்லாயிரம் ஆண்டு முயன்றாலும் உடைக்க முடியாத பூட்டு என்று நான் அவருக்குச் சொல்லியிருந்தேன். அது பொய் இல்லை. பூட்டை யாரும் உடைக்கவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் விரல் என்று சொன்னால் விரலை நீட்ட வேண்டும் என்று ஐம்பது வருடமாகப் பழக்கப்பட்ட ஒருவரின் கையில் நான் அந்தப் பூட்டைக் கொடுத்திருந்தேன். அதன் கணக்குகள் எனக்குத் தெரியும். அத்தையின் விரலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. பிறகு சட்டம் படித்த தோழி ஒருத்தி என்னைத் தேற்றுவதாக நினைத்துச் சொன்னாள்: "மறுத்திருந்தா அதுவே வேறொரு குத்தமா ஆயிருக்கும். எப்படியும் திறந்திருப்பாங்க." அதைக் கேட்ட பிறகு எனக்கு முன்பைவிட மோசமாக இருந்தது.

அத்தைக்கு எச்சரிக்கையோடு முடிந்தது, வேலை போயிற்று. படம் யாரிடமிருந்து வந்தது என்பது கைபேசியில் பெயரோடு இருந்தது. பெயருக்குப் பக்கத்தில் அத்தைக்கு அடையாளம் தெரிவதற்காக ஒரு பூப்படம் வைத்துக் கொடுத்தவள் நான். அந்தப் பெண்ணின் ஒப்பந்தம் அந்த வாரமே நிறுத்தப்பட்டது. விசாரணை நடக்கிறது என்றார்கள். சொந்த ஊர் பாரிட் புந்தாருக்குப் போய்விட்டதாகக் கேள்வி. நான் மன்னிப்புக் கேட்டு ஒரு செய்தி அனுப்பினேன். அனுப்பியதற்கான ஒற்றைச் சாம்பல் குறி விழுந்தது. போய்ச் சேர்ந்ததற்கான இரண்டாவது குறி இன்றுவரை விழவில்லை. திருட்டுத்தனமாக எடுத்த ஆதாரம் என்று எங்கள் மறுப்பையும் தள்ளிவிட்டார்கள். லயம் இப்போது இல்லை. கோயிலை மட்டும் சாலையோரத்துக்கு நகர்த்திக் கொடுத்திருக்கிறார்கள்.

கைபேசி ஐந்து மாதம் கழித்துத் திரும்பி வந்தது. அத்தை அதை வாங்கி அலமாரியில் வைத்தவர்தான். இப்போது அவரிடம் இருப்பது பொத்தான் அமுக்கிப் பேசும் பழைய வகைப் போன். "சாப்பிட்டேன், நல்லாருக்கேன், வாரப்ப பேசிக்கலாம்" என்பதற்கு மேல் அதில் பேசமாட்டார். நான் நேரில் போனாலும், என் கைபேசியை வாங்கி அரிசி வாளிக்குள் போட்டு மூடிய பிறகுதான் வாய் திறப்பார். ஒரு முறை சிரித்தேன். "சிரி லா, படிச்சவ நீ சிரி" என்றார். அதன் பிறகு நான் சிரிக்கவில்லை.

குறுஞ்செய்திகளை அரசு பார்க்க வழி வேண்டும் என்ற பேச்சு இப்போது மறுபடி எழுந்திருக்கிறது. செய்திச் செயலிகள் உரிமம் எடுக்க வேண்டும், கேட்டால் தகவல் கொடுக்க வேண்டும் என்கிறார்கள். சொல்லப்படும் காரணங்கள் பொய்யானவை அல்ல. கைபேசி வழி ஏமாற்றுக்காரர்கள் அத்தையின் அடுக்குமாடியிலேயே இரண்டு குடும்பத்தை அழித்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு வரும் ஆபத்தும் உண்மை. என் அலுவலகத்து அண்ணன் ஒருவர், "தப்பு செய்யாதவனுக்கு என்னம்மா பயம்?" என்று கேட்டார். அவரிடம் சொல்ல என்னிடம் தொழில்நுட்பப் பதில் நிறைய உண்டு. ஒருவருக்கென்று வைக்கும் பின்வாசல் எல்லாருக்கும் திறக்கும் என்று மன்றங்களில் பேசியும் இருக்கிறேன். ஆனால் எங்கள் விஷயத்தில் பின்வாசல் தேவைப்படவே இல்லையே. இந்தச் சட்டம் வந்தாலும் வராவிட்டாலும் அத்தைக்கு எதுவும் மாறப்போவதில்லை என்பதுதான் நான் கண்டது. அதை மேடையில் சொன்னால் யாரும் கைதட்ட மாட்டார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அத்தை வழக்கம்போலக் கேட்டார். "அந்தப் பிள்ளைக்கு வேற வேலை கெடச்சிச்சா?" தெரியாது என்றேன். அந்தப் பழைய கைபேசியில் அந்தப் பெண்ணின் வேறு எண்ணோ, உறவினர் எண்ணோ ஏதாவது இருக்குமா என்று பார்க்கலாம் என எனக்குத் தோன்றியது. அலமாரியிலிருந்து எடுத்து மின்சாரத்தில் போட்டேன். வெகுநேரம் இருண்டு கிடந்து, பிறகு திரை வெளிச்சமாகி விரலைக் கேட்டது. நான் திரும்பிப் பார்த்தேன்.

நான் எதுவும் சொல்வதற்கு முன்பே அத்தை கையை நீட்டியிருந்தார். முந்தானையில் ஈரத்தைத் துடைத்துவிட்டு, இடது கட்டைவிரலை மட்டும் தனியே நிமிர்த்தி. எதற்கு என்று கேட்கவில்லை. "எங்க வைக்கணும்?" என்றார்.

அந்த விரலைப் பிடித்து நீலக் கறையின் மேல் நானே வைத்தேன். திறந்துகொண்டது.