வெட்டிக் காட்டிய வத்தகப்பழம்

கிண்ணியாவில் இருந்து வந்த லொறியின் படங்கை விலக்கியதும் என் மருமகள் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டாள். உள்ளே வத்தகப்பழங்கள் வைக்கோலில் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொரு பழத்திலும் ஒரு முக்கோணத் துண்டு வெட்டி எடுத்து, உள்ளே சிவப்புத்தான் என்று பார்த்துவிட்டு, அதே துண்டைத் திரும்பச் செருகியிருந்தது. ஒன்று தப்பாமல் எல்லாவற்றிலும் அப்படி.

எங்கள் பக்கத்தில் வீதியோரம் பழம் விற்கிறவர்கள் அப்படித்தான் வெட்டிக் காட்டுவார்கள். காட்டாவிட்டால் யாரும் வாங்க மாட்டார்கள். ஆனால் இவை கப்பலுக்குப் போகிற பழங்கள். வெட்டுப்பட்டது கடலில் எத்தனை நாளைக்குத் தாங்கும்?

பழம் கொண்டுவந்த வியாபாரி நானாவுக்கு மருமகளின் முகத்தைப் பார்த்ததும் கோபம் வந்துவிட்டது. விடியமுன்னம் எழும்பி ஒவ்வொன்றாய் வெட்டிப் பார்த்து, வெள்ளையாய் இருந்ததை எல்லாம் ஒதுக்கிவிட்டுக் கொண்டுவந்ததாகச் சொன்னார்.

"எங்கயோ இருந்துகொண்டு போனில பார்த்து வாங்கிறவன், தங்கச்சி. அவனுக்கு நம்பிக்கை வரத் தேவையில்லையா?"

நான் வாசல் கதவின் பின்னால் நின்றேன். வெளி ஆட்கள் பேசும்போது முன்னுக்கு வருகிற பழக்கம் எனக்கு இல்லை.

என் மகன் இருந்தபோது லோஞ்ச் படகில் கப்பல்களுக்குச் சாமான் கொண்டுபோய்க் கொடுத்தவன். அவன் நோயில் போனபிறகு அந்த வேலையை மருமகள் எடுத்து நடத்தினாள். இப்போது எல்லாம் இன்டர்நெட்டில்தான். கப்பல் நடுக்கடலில் வரும்போதே, வேறொரு நாட்டில் இருக்கிற அலுவலகத்தில் இருந்து என்னென்ன வேண்டும் என்று ஈமெயில் வந்துவிடும். அது இவளுக்கு மட்டும் வருவதில்லை, கொழும்பில் இருக்கிற பெரிய ஆட்களுக்கும் போகும். விலை கட்டுப்படியாக இருக்கவேண்டும், பதிலும் சுணங்காமல் போகவேண்டும். ஓடர் கிடைத்தால் சாமானைப் பெட்டியில் அடுக்கிப் படம் எடுத்து அவர்களுடைய தளத்தில் ஏற்றவேண்டும். அங்கே இருக்கிறவர் பார்த்துப் பச்சை அடையாளம் போட்டால்தான் படகில் ஏற்றலாம். சிவப்புப் போட்டால் வீட்டோடு கிடக்க வேண்டியதுதான். முதல் தரமே பிழை விட்டால் பட்டியலில் இருந்து பெயரையே எடுத்துவிடுவார்களாம்.

அந்தக் கம்பனியின் முதல் ஓடர் அது. அதற்கு முன்னம் எத்தனையோ ஈமெயிலுக்கு விலை எழுதி அனுப்பி, ஒன்றுக்கும் பதில் வராமல் இருந்தவள். அலுமாரியில் சேலைகளுக்கு மேலே அவளுடைய பாஸ்போட் இருந்தது. வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரர் கிழமைக்கு ஒருமுறையாவது போன் எடுப்பார். ஓடர் வந்த அன்று அவள் அரிசி கழுவிக்கொண்டே சொன்னாள்.

"இதுவும் சரிவராட்டி நான் வெளியில போறன் மாமி. பிள்ளையளை நீங்கள்தான் பாக்கோணும்."

அரிசித் தண்ணீரை வாங்கி வாழைக்கு ஊற்றப் போனேன்.

லொறியடியில் நின்ற நானா கொஞ்சம் இறங்கி வந்தார். பழத்தைத் திருப்பி, வெட்டுக் கீழே போகிற மாதிரி வைத்துப் படம் எடுத்தால் என்ன என்று கேட்டார். மருமகள், குச்சவெளிப் பக்கத் தோட்டங்களில் வெட்டாத பழம் கிடைக்குமா என்று பார்த்துவரச் சொல்லி அவரை அனுப்பினாள். மற்றச் சாமான்களைப் படம் எடுத்து ஏற்றினாள். துறைமுக வாசலில் அனுமதி எடுக்க அவளே நேரில் போகவேண்டும். போகமுதல் குனிந்து, வேறு பழம் கிடைக்காவிட்டால் இவைதான் என்று, பழங்களை ஒவ்வொன்றாய்த் திருப்பி வைத்தாள். நானும் பக்கத்தில் குந்தித் திருப்பினேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

வியாபாரப் போன் சார்ஜில் கிடந்தது. தன்னுடைய சின்னப் போனை எடுத்துக்கொண்டு, "கோல் வந்தால் எடுங்கோ மாமி. வெயிட் எண்டு மட்டும் சொல்லுங்கோ," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தப் போனில், கப்பல் வருகிற வழியைக் காட்டுகிற படத்தில் கடல் நீலமாய் இருக்கும். அதில் கப்பல் ஒரு சின்னப் பச்சை அம்பு. காலையில் வெளிக்கடலில் நின்ற அம்பு இப்போது துறைமுக வாய்க்குள் வந்து நின்றுவிட்டது. நான் கதிரையின் நுனியில் இருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன் அடித்தது. எடுக்கவில்லை. நின்றது. உடனே திரும்ப அடித்தது. வாய்க்குள் வெயிட், வெயிட் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டு விரலை வைத்தேன். முகம் வந்துவிட்டது, வீடியோ கோல். யாராவது படம் எடுத்தால் குசினிக்குள் போய்விடுகிறவள் நான். மகனின் கலியாணப் படத்திலும் என் தோள்மூட்டு மட்டும்தான் தெரியும். சேலைத் தலைப்பை இழுத்து வாயை மூடிக்கொண்டேன்.

வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு மனுசன். பின்னால் பெரிய பெரிய சட்டிகள் தொங்கின. கப்பலின் சமையல்காரன் என்று விளங்கியது. அவன் சொன்னதில் வெஜிடபிள் என்ற சொல் மட்டும் பிடிபட்டது. போனைத் தூக்கிக்கொண்டு பெட்டி பெட்டியாய்க் காட்டினேன். போஞ்சியை ஒன்று ஒடித்துக் காட்டினேன். சத்தம் கேட்டதோ என்னவோ, சிரித்தான். கரட், கோவா, தக்காளி எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். கடைசியாக வத்தகப்பழம். பச்சை முதுகைக் காட்டிக்கொண்டு நல்ல பிள்ளைகள் மாதிரிக் கிடந்தன. அவன் கட்டைவிரலை உயர்த்தினான்.

அந்த விரலில் பிளாஸ்டர் சுற்றியிருந்தது. கத்தி பட்ட காயமாக இருக்கவேண்டும். குளிர் அறையைத் திறந்து அழுகல் மணத்தால் மூக்கைப் பொத்தப் போகிறவனும் அவன்தான், சாப்பாட்டு நேரத்தில் எல்லாரிடமும் பேச்சு வாங்கப் போகிறவனும் அவன்தான். அந்த அலுவலகத்துக்காரருக்கு ஒரு பேச்சும் விழாது.

கை தானாகத்தான் போனது. ஒரு பழத்தைப் புரட்டினேன். செருகியிருந்த துண்டு கழன்று நிலத்தில் விழுந்தது.

அவன் முகம் போனுக்குக் கிட்ட வந்தது. ஏதோ கேட்டான். இன்னொன்றைப் புரட்டினேன், பிறகு இன்னொன்றை. எல்லாம் அப்படித்தான் என்று கையால் காட்டினேன். வெயிட் என்று சொல்ல வாய் வரவில்லை. அவன் கோலை வைத்துவிட்டான்.

மருமகள் அனுமதித் துண்டோடு வந்தபோது நடந்ததைச் சொன்னேன். அவள் படியிலேயே இருந்துவிட்டாள்.

"அவன் சரி எண்டு சொன்னபிறகுமா காட்டினீங்கள்?"

"ஓம் பிள்ளை."

அவள் என்னை ஏசியிருந்தால் எனக்கு நல்லது. போனை மடியில் வைத்து விரலால் இழுத்து இழுத்துப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. லோஞ்ச்காரர் இரண்டு தரம் ஆள் அனுப்பிவிட்டார். வெயில் பெட்டிகளுக்கு மேல் ஏறத் தொடங்கியது. ஈரச் சாக்கை எடுத்து மூடினேன், எனக்குச் செய்ய வேறு வேலை தெரியவில்லை.

டிங் என்று சத்தம் கேட்டது. சமையல்காரன் அலுவலகத்துக்குச் சொல்லியிருக்கவேண்டும், வத்தகப்பழத்துக்குச் சிவப்பு. அவள் கையால் முகத்தை மூடினாள். திரும்பப் பார்த்தபோது மற்றது எல்லாவற்றுக்கும் பச்சை விழுந்திருந்தது. அவள் எழும்பி லோஞ்ச்காரரிடம் ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு படியிலேயே கிடந்தது.

நானா குச்சவெளியில் இருந்து வெட்டாத பழங்களோடு வந்தபோது லோஞ்ச் போய்விட்டது. அன்று எங்கள் ஒழுங்கையில் எல்லா வீடும் வத்தகப்பழம் தின்றது.

அதன்பிறகும் கொஞ்ச நாள் அவள் என்னோடு அளந்துதான் கதைத்தாள். பாஸ்போட்டும் இருந்த இடத்தில்தான் இருந்தது. ஒரு காலை, தேங்காய் துருவிக்கொண்டிருந்த என்னிடம் போனைக் கொண்டுவந்தாள். அதே கம்பனியின் வேறு கப்பலுக்குச் சாமான் கேட்டிருந்தார்கள். வத்தகப்பழம் என்ற இடத்தில், வெட்டாதது என்று தனியாக எழுதியிருந்ததாம். வாசித்துக்கொண்டே சிரிக்கத் தொடங்கினாள். பிறகு அலுமாரியைத் திறந்து எதையோ சேலைகளுக்கு அடியில் தள்ளினாள். நான் மற்றப் பாதித் தேங்காயைக் கையில் எடுத்தேன்.

நானாவுக்குப் போன் எடுத்துச் சொன்னபோது அவருடைய குரல் குசினி வரை கேட்டது.

"வெட்டாமத் தாறன் தங்கச்சி. வெள்ளையா இருந்தா என்னைக் கேக்கப்படாது. அந்தக் கோலையும் உங்கட மாமியையே எடுக்கச் சொல்லுங்க."