கனகவல்லி கடைக்கு வந்த கப்பல் இரும்பு

எனக்கும் கனகவல்லிக்கும் ஏழாம் பொருத்தம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், அவளைப் பற்றி நான் நல்லதாக ஏதாவது எழுதும்போது சிநேகிதியைத் தூக்கிவைத்துப் பேசுகிறேன் என்று நினைத்துவிடுவீர்கள்.

குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சந்து. நாங்கள் வீடு கட்டிக் குடிவந்தபோது பக்கத்து மனையில் நெருஞ்சி முள்தான் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நிம்மதியாகப் பரீட்சைப் பேப்பர் திருத்தலாம் என்று சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷம் ஒரு வருஷம்கூட நீடிக்கவில்லை. பொன்னுசாமி என்பவர் அங்கே பழைய இரும்புக் கடை போட்டார். பல்லாவரம் கல்குவாரியிலிருந்து உடைந்த மிஷின்கள், தோல் ஷெட்டுகளிலிருந்து துருப்பிடித்த தொட்டிகள், எங்கிருந்தோ பஸ் பாடிகள். காலையில் ஆரம்பிக்கும் சம்மட்டிச் சத்தம் விளக்கு வைக்கும்வரை ஓயாது. அந்தப் பொன்னுசாமியின் மனைவிதான் கனகவல்லி.

அவள் கோவிலம்பாக்கத்துப் பெண். தம்பி குப்புராஜைப் பெற்றுப்போட்ட கையோடு தாய் போய்விட, இடுப்பில் தூக்கி வளர்த்தவள் இவள்தான். கல்யாணமாகி வந்தபோது சீர்வரிசையோடு தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்தாள் என்று எங்கள் தெருவில் கேலி பேசுவார்கள். அவளுக்குப் பிள்ளை இல்லை. அவள் சாப்பிட்டாளா இல்லையா என்பது அவளுக்கே தெரியாது. குப்புராஜ் சாப்பிட்டானா என்பது சந்துக்கே தெரியும். அப்படி ஒரு குரல் அவளுக்கு.

எண்பத்திரண்டில் பொன்னுசாமி செத்துப்போனார். மூடி இறுகிப்போன எண்ணெய் டிரம் ஒன்றை கேஸ் வைத்து வெட்டும்போது அது வெடித்துவிட்டது. கடையை விற்றுவிட்டு அவள் ஊரோடு போய்விடுவாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். நான் அப்படி ஆசைப்பட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்களேன். அவளோ அடுத்த மாதமே கடையைத் திறந்தாள். வெட்டுகிற வேலையை குப்புராஜ் எடுத்துக்கொண்டான். வேண்டாமென்று அவள் எவ்வளவோ சொல்லியும் அவன் கேட்கவில்லை.

அதனால் கடைக்கு ஒரு சட்டம் போட்டாள். நாலு பக்கமும் மூடிய எந்த இரும்பையும், உள்ளேயிருக்கும் காற்று வெளியே போக வழி செய்யாமல் வெட்டக் கூடாது. சந்தேகமான சாமான் வந்தால் சின்னச் சுத்தியலால் அங்கங்கே தட்டி, காதை வைத்துக் கேட்பாள். உள்ளே வெற்றிடம் என்று தெரிந்தால் துளை போட்டுத் தண்ணீர் நிரப்பி, அதற்கப்புறம்தான் வெட்ட விடுவாள். நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று "டாக்டரம்மா வந்துட்டாங்க" என்று முணுமுணுப்பேன். அவள் கடைக் கழிவு எண்ணெய் மண்ணில் இறங்கி எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கெடுத்துவிட்டது என்று ஒரு பெரிய சண்டை நடந்து, எங்களுக்குள் பேச்சே நின்றுபோயிருந்த காலம் அது.

எண்பத்தேழு மே மாதம். அக்கினி நட்சத்திரம். டெம்போ ஓட்டும் தசரதன் கோவளம் பக்கத்திலிருந்து உடைந்த போட் என்ஜின்களை ஏற்றிவந்தான். அதோடு, ஆள் நீளத்துக்கு ஒரு கனத்த இரும்பு. மேலெல்லாம் சுண்ணாம்பும் சிப்பியும் மணலும் சேர்ந்து கல்லாக இறுகியிருந்தது.

"இன்னாய்யா இது?" என்றாள் கனகவல்லி.

"கப்பல் சாமான்க்கா. அங்க கடல்ல ஒரு எடத்துல வலை போட்டா கிழிஞ்சிடுமாம். எந்தக் காலத்துலயோ பாய்மரக் கப்பல் ஒண்ணு முழுகிப்போச்சாம். அத்தோடதுதான் இதுன்றாங்க. வலையில மாட்டி, கட்டி இழுத்துகினு வந்து கரையில போட்டு, இம்மா நாளா போட்டைக் கட்டி வெச்சிகினு இருந்தாங்க."

கனகவல்லி தட்டிப் பார்த்தாள். ஒரு பக்கம் மெல்லியதாக, மறு பக்கம் பருத்து இருந்தது. எங்கே தட்டினாலும் ஒரே மாதிரி மந்தமான ஓசை. இரண்டு முனையும் கல்லாக மூடியிருந்தன. துளை என்று ஒன்றும் கண்ணில் படவில்லை.

"முழு இரும்பு. உள்ள ஒண்ணியும் இல்ல" என்று சொல்லிவிட்டாள்.

உள்ளே இருந்த இடமெல்லாம் இருநூறு வருஷத்து மண்ணால் அடைபட்டிருந்தது. அதனால் வெற்றிட ஓசை வரவில்லை. இது எங்களுக்கு அப்புறம் தெரிந்தது.

மறுநாள் காலை குப்புராஜ் சுமை தூக்கும் ஆட்களை வைத்து அதை இரண்டு மரக்கட்டைகளின் மேல் ஏற்றினான். வார்ப்பிரும்பு கேஸுக்கு வெட்டுப்படாது. ஒரு இடத்தில் நன்றாகக் காய்ச்சி, சம்மட்டியால் அடித்துப் பிளக்க வேண்டும். பருத்த பக்கத்தை உடைத்துவிட்டால் மற்றது சுலபம் என்று அங்கேதான் தீயை வைத்தான்.

நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். முதலில் அழுகின முட்டை நாற்றம். கொஞ்ச நேரத்தில் அது மாறி, தீபாவளிக்கு மறுநாள் தெருவில் அடிக்குமே, அந்த வாசனை. எதைப் போட்டு எரிக்கிறார்களோ என்று ஆத்திரத்தோடு துவைக்கிற கல்மேல் ஏறி, சுவருக்கு மேலே தலையை நீட்டினேன்.

சூட்டில் மேல்கல் பெயர்ந்து விழுந்துகொண்டிருந்தது. உள்ளே வளையம் வளையமாக இரும்பு. இரண்டு பக்கமும் காது மாதிரி இரண்டு முளை. எழும்பூர் மியூசியத்துக்குப் பிள்ளைகளை எத்தனை முறை கூட்டிப்போயிருக்கிறேன். சந்தேகமே இல்லை, பீரங்கி. அதன் வாய் நேராக என் வீட்டுச் சுவரைப் பார்த்திருந்தது.

"கனகவல்லி! நிறுத்தச் சொல்லு! அது பீரங்கி! உள்ள மருந்து இருக்கு!"

கேஸ் இரைச்சலில் குப்புராஜுக்குக் கேட்கவில்லை. கனகவல்லிக்குக் கேட்டது. அவளுக்கும் அந்த வாசனை அப்போதுதான் மூக்கில் ஏறியிருக்க வேண்டும். "ராஜா, உடுறா!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாள். அவன் திரும்பிப் பார்த்தான். அந்த நேரம் பார்த்து, கீழே கருகிக்கொண்டிருந்த மரக்கட்டை நொறுங்கியது. பீரங்கி சாய்ந்து, உருண்டு, அவன் வலது பாதத்தின்மேல் ஏறி நின்றது.

அந்த அலறல் இப்போதும் என் காதில் இருக்கிறது.

சுமை தூக்கும் ஆட்கள் கேட்டைத் தாண்டி ஓடிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நானும் கல்லிலிருந்து இறங்கத்தான் காலை எடுத்தேன். கனகவல்லி முதலில் சிலிண்டர்களிடம் போய் இரண்டையும் மூடினாள். தரையில் சீறிக்கொண்டு கிடந்த தீ அணைந்தது. ஆனால் இரும்பு ஆறவில்லை. வெளியே தீ அணைந்தாலும் அவ்வளவு கனத்த இரும்பில் சூடு உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அதைக் கேள்விப்பட்டிராத எனக்கே அவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"டீச்சர்! தண்ணி!" என்றாள். எத்தனையோ நாளைக்கப்புறம் என்னிடம் அவள் பேசிய முதல் வார்த்தை.

ஓடிப்போய் மோட்டாரைப் போட்டேன். செடிக்கு ஊற்றுகிற டியூபைச் சுவருக்கு மேலே எறிந்தேன். அவள் வாங்கி நேரே இரும்பின்மேல் பீய்ச்சுவாள் என்று பார்த்தால், சாக்குகளை இழுத்து நனைத்துக்கொண்டிருந்தாள்.

"மேல ஊத்தேன்! எதுக்கு நிக்கிற?" என்று கத்தினேன்.

"சுடு இரும்புல சடார்னு ஊத்தினா வெடிச்சிடும் டீச்சர்! நாங்க ஒடைக்கறதே அப்பிடித்தான்! அவன் கால் கீது!"

ஈரச் சாக்குகளை ஒவ்வொன்றாகப் பருத்த பக்கத்தின்மேல் போட்டு, அதன்மேல் மெல்ல தண்ணீர் விட்டாள். குபுகுபுவென்று ஆவி கிளம்பி இருவரையும் மறைத்தது. ஆவிக்குள்ளிருந்து குப்புராஜின் குரல் வந்தது.

"யக்கா, நீ போக்கா. ரெண்டு பேரும் போவ வேணாம்."

"வாய மூடு. நான் தூக்குறேன், நீ கால இழு."

கடப்பாரையைக் கொடுத்து நெம்பினாள். அசையவில்லை. டியூபைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் நெம்பினால் கொஞ்சம் அசைந்தது; ஆனால் அதற்குள் சாக்கு காய்ந்து புகைய ஆரம்பித்தது. மறுபடி டியூபை எடுத்தாள். கடப்பாரையைப் பிடித்தால் தண்ணீர் இல்லை, தண்ணீரைப் பிடித்தால் கடப்பாரை இல்லை. "யாராவது வாங்களேன்!" என்று அவள் போட்ட சத்தத்துக்குச் சந்தில் ஒரு ஈ காக்கை வரவில்லை. வெடிக்கப்போகிறது என்ற சேதி அவள் குரலுக்கு முன்னாலேயே தெருக்கோடிக்குப் போய்விட்டது.

அப்போது டியூப் இருமியது. கொஞ்சம் சேறு துப்பியது. நின்றுவிட்டது. மே மாதத்துக் கிணறு. அவ்வளவுதான் அதற்குச் சக்தி.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் என்ன தைரியசாலியா? கரப்பான்பூச்சியைக் கண்டால் நாற்காலிமேல் ஏறுகிறவள். ஆனால் சமையலறையில் நாலு குடம் குடிதண்ணீர் இருந்தது. அது நினைவுக்கு வந்த பிறகு வீட்டில் நிற்க முடியவில்லை. "கர்த்தாவே, கர்த்தாவே" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஒரு குடத்தை இடுப்பிலும் ஒன்றைக் கையிலும் தூக்கிக்கொண்டு சந்தைச் சுற்றிக் கடைக்குள் ஓடினேன்.

ஒரு குடத்தைச் சாக்கின்மேல் கவிழ்த்தேன். "இன்னொண்ணு இருக்கட்டும். இத்தப் புடிங்க டீச்சர்!" என்று கடப்பாரையின் முனையைக் காட்டினாள். இருவரும் சேர்ந்து தொங்கினோம். பீரங்கி ஒரு விரல் உயரம் எழும்பியது. குப்புராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு காலை உருவினான். பாதி வந்து மாட்டிக்கொண்டது. அதே சமயம் பருத்த பக்கத்தின் மேலே, சாக்குக்கு அடியில், ஏதோ படாரென்று தெறித்தது. அந்தக் காலத்தில் மருந்துக்குத் தீ வைத்த சின்னத் துளையின் அடைப்பு விட்டுப்போய், அதிலிருந்து மஞ்சள் புகை சீறிக்கொண்டு கிளம்பியது.

காற்றுப் போக வழி. அத்தனை நாள் அவள் தேடித் தேடித் துளை போட்டாளே, அது அந்த இரும்பில் முதலிலிருந்தே இருந்திருக்கிறது.

கனகவல்லி மிச்சமிருந்த குடத்தை எடுத்து அந்தத் துளையிலேயே ஊற்றினாள். முகத்தைக்கூடத் திருப்பவில்லை. நான் ஒருத்தியாகக் கடப்பாரையில் தொங்கிக்கொண்டிருந்தேன். எப்படித் தாங்கினேன் என்று இன்றைக்கும் புரியவில்லை. காலியான குடத்தை வீசிவிட்டுத் தம்பியை இரண்டு அக்குளிலும் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தாள். அவன் வந்துவிட்டான். மூன்று பேரும் ஒரு பழைய தோல் தொட்டிக்குப் பின்னால் போய் விழுந்தோம்.

வெடிக்கவில்லை. சீறல் குறைந்தது, புகை மெலிந்தது, பிறகு ஒன்றுமே இல்லை. நாங்கள் எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று.

குப்புராஜுக்கு ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். பீரங்கியை போலீஸ் காவலில் வைத்து, வெடிமருந்து தெரிந்தவர்கள் வந்து வாயைச் சுரண்டி, உள்ளே இருந்ததையெல்லாம் வெளியே எடுத்தார்கள். பிறகு அதைக் கொண்டுபோக மியூசியத்திலிருந்து சத்தியநாதன் என்ற அதிகாரி வந்தார். சின்ன வயது, நல்ல மரியாதை. நான் காபி போட்டு எடுத்துப்போனேன். ஆமாம், கனகவல்லி கடைக்குத்தான். கட்டுப்போட்ட காலோடு குப்புராஜும் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்திருந்தான்.

"ஒரு விஷயம் பாருங்க" என்றார் சத்தியநாதன். "உள்ள குண்டு இல்ல. மருந்து போட்டு, துணியும் கயிறும் வெச்சு அடைச்சிருக்காங்க. அவ்வளவுதான்."

"குண்டு இல்லாம எதுக்கு சார்?" என்றாள் கனகவல்லி.

"சண்டைக்கு இல்லம்மா, சத்தத்துக்கு. அந்தக் காலத்துல மெட்ராஸ்ல துறைமுகமே கிடையாது. பாய்மரக் கப்பலெல்லாம் திறந்த கடல்லதான் நங்கூரம் போட்டு நிக்கும். ஐப்பசி கார்த்திகைப் புயல்ல வடம் அறுந்தா அப்படியே அடிச்சிக்கிட்டுப் போகும். கப்பல் முழுகப் போகுதுன்னா வெறும் மருந்தைப் போட்டு பீரங்கி சுடுவாங்க. சத்தம் கேட்டு கரையிலேர்ந்து யாராவது படகு எடுத்துக்கிட்டு வருவாங்களான்னு."

"வந்தாங்களா?"

"இதை அவங்க சுடவே இல்லம்மா. மருந்தைக் கெட்டிச்சு வெச்சிருக்காங்க. பத்த வைக்கறதுக்குள்ள..."

"எத்தினி பேரு?"

"தெரியாது. கப்பலோட பேரே தெரியல."

கனகவல்லி அந்தத் துளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். குப்புராஜுக்குத்தான் எந்த நேரத்தில் எதைப் பேசுவது என்பது கிடையாதே. சிரித்துக்கொண்டே சொன்னான்.

"பாவம்க்கா. நீ மட்டும் கொஞ்சம் உட்டிருந்தா, அவங்களுக்காக நாமளே பத்த வெச்சிருப்போம்."

பளாரென்று ஓர் அறை விழுந்தது. அதிகாரி காபியைக் கீழே வைத்துவிட்டார். இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளைமேல் அவள் கைவைத்து நான் பார்த்ததில்லை. அவனும் பார்த்திருக்க மாட்டான். அறைந்த கையாலேயே அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து, தலையைத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டு, கனகவல்லி வாய்விட்டு அழுதாள். சம்மட்டி அடிக்கும் இடத்தில் பேசிப் பழகிய தொண்டை. அந்தச் சத்தத்துக்குச் சந்தில் எல்லா வீட்டுக் கதவும் திறந்தது.