சிப்பாய் சாமியின் துப்பாக்கியை நான் மாற்றியது

மலேசியாவில், அசாம் ஜாவா என்கிற சின்ன ஊரிலிருந்து உள்ளே போனால், செம்பனைத் தோட்டத்தின் ஓரத்தில் எங்கள் முனீஸ்வரர் கோவில் இருக்கிறது. அங்கே ஜனங்கள் முனியைவிட, அவருக்குக் காவல் நிற்கும் சிப்பாய் சாமிக்குத்தான் அதிகம் பயப்படுவார்கள். முனி பெரியவர், பொறுத்துப்போவார். சிப்பாய் கையில் துப்பாக்கி இருக்கிறது.

துப்பாக்கி என்றதும் யாரும் போலீசைக் கூப்பிட வேண்டாம். ஒருமுறை யாரோ கூப்பிட்டார்கள். வந்த சார்ஜன் குழலுக்குள் டார்ச் அடித்துப் பார்க்கப் போனார். அடிப்பதற்கு அதில் ஓட்டையே இல்லை. அது முழு இரும்புத் தடி. குண்டு உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. சிரித்துவிட்டு, கொடுத்த சிராப் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார்.

ஆனால் சுடும் விசை மட்டும் அசல். அதைச் செய்தவர் என் அப்பா. தோட்டத்து ஆலையில் ஃபிட்டராக இருந்தார். துப்பாக்கியின் குதிரை, அதாவது விசையை இழுத்ததும் பாயும் சுத்தி, அதன் வாயில் ஒரு கல்லைக் கவ்வ வைத்திருப்பார். விசையை இழுத்தால் குதிரை பாயும், கல் எதிரே உள்ள இரும்புத் தகட்டை உரசும், தீப்பொறி பறக்கும். அந்தக் காலத்துக் கல் துப்பாக்கிகள் அப்படித்தான் வேலை செய்தனவாம். ஒவ்வொரு சித்திரைத் திருவிழாவிலும் புதுக் கல் வைத்து ஒருமுறை இழுப்பார்கள். பொறி பறந்தால் சிப்பாய் அந்த வருஷம் முழுக்க விழித்திருப்பார் என்று அர்த்தம். கல் வைத்தவருக்குத் தலையில் பரிவட்டம் கட்டி முதல் மரியாதை செய்வார்கள்.

அப்பா இருந்தவரை அது அவருக்கு. அவருக்கு ஆண்பிள்ளை இல்லை. அதனால் அவர் போன பிறகு அந்த மரியாதை என் சித்தப்பா மகனுக்குப் போனது. என்னைவிட எட்டு வயது சின்னவன், கிள்ளானில் இன்சூரன்ஸ் விற்கிறான். நான் ராவாங்கில் ஒரு ஃபாக்டரியில் லேத்தில் நிற்பவள். இரும்பை ஒரு முடி அளவுக்குக் கடைந்து கொடுப்பதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. ஆனால் சாமிக்குக் கல் வைக்க அதெல்லாம் தகுதி இல்லை. மீசை இருக்க வேண்டும்.

கல்லை யார் தயார் செய்வது? நான்தான். வருஷா வருஷம் உலு யாம் ஆற்றுக்குப் போவேன். மற்றவர்கள் பாய் விரித்து நாசி லெமாக் சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்க, நான் முழங்கால் தண்ணீரில் வெள்ளைக் கல் பொறுக்குவேன். அதை கிரைண்டரில் பிடித்து விளிம்பு தீட்டி, தோல் துண்டில் சுற்றித் தட்டில் வைத்துக் கொடுப்பேன். தம்பி பட்டு ஜிப்பாவில் வந்து வாங்கிக்கொள்வான். எந்தப் பக்கம் வெளியே வர வேண்டும் என்று வருஷா வருஷம் கேட்பான். அவன் தலையில் பரிவட்டம் ஏறும்போது நான் காலித் தட்டோடு நிற்பேன். எனக்கு வயிறு எரியும். சாமி சன்னிதியில் அப்படி எரியக் கூடாதுதான். எரிந்தது.

சித்திரையில் எங்கள் பக்கம் பிற்பகல் மழை தவறாது. அடுத்தடுத்து இரண்டு வருஷம் இழுக்கிற நேரத்திலேயே கொட்டி, கல் நனைந்து பொறி வரவில்லை. அந்த இரண்டு வருஷத்தில் ஊரில் நடந்த எல்லாவற்றுக்கும் சிப்பாயின் தூக்கமே காரணம் என்று ஆனது. லோரி கவிழ்ந்தது, ஒருத்தி வீட்டைவிட்டுப் போனது, கோவில் ஃபிரிட்ஜ் கெட்டது, எல்லாம் சேர்த்தி.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிறு, கோவில் தலைவர் எங்கள் வீட்டுக்கே வந்தார். தோட்டத்தில் கங்காணியாக இருந்த பழைய மண்டோரின் மகன். இப்போது சொந்தமாக மூன்று லோரி ஓட்டுகிறார். அதுவரை என்னை நேரில் பார்த்தால் தலையாட்டுவதோடு சரி. அன்று ஆரஞ்சுப் பழப் பையோடு வந்து, இரண்டு கிளாஸ் தேத்தண்ணி குடித்தார்.

"கல்லு மழைக்கு ஆவாதும்மா. இந்த வருசமும் தீ வரலன்னா ஜனங்க என்னத்தான் பிடிப்பாங்க. நீ மிசின்ல நிக்கிறவ. கேப்பு வெடிக்கிற மாதிரி மாத்திக் குடுத்துரு லா."

கேப்பு என்றால் பொம்மைத் துப்பாக்கிக்குப் போடும் சின்ன வெடி. நிஜத் துப்பாக்கிகளும் ஒரு காலத்தில் இப்படித்தான் கல்லிலிருந்து கேப்புக்கு மாறினவாம். காரணமும் இதே மழைதான். கல் இல்லை என்றால் கல் வைக்கும் மரியாதை என்ன ஆகும் என்று கேட்டேன். கல்லே இல்லாதபோது அந்த மரியாதை எங்கே இருக்கும், மற்றதைச் சாமி பார்த்துக்கொள்ளும் என்றார். சாமி பார்த்தால் வேலை செய்தவளைத்தான் பார்க்கும் என்று நானாகவே அர்த்தம் பண்ணிக்கொண்டேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. அதை இப்போது எழுதும்போது ஒப்புக்கொள்கிறேன்.

அன்று சாயங்காலமே கோவிலுக்குப் போய் விசையைக் கழற்றி, மறுநாள் மைலோ டின்னில் போட்டு ஃபாக்டரிக்குக் கொண்டுபோனேன். சாப்பாட்டு நேரத்தில் வேலை செய்தேன். என்ன என்று சூப்பர்வைசர் விசாரித்தபோது வீட்டுக் கேட்டுக்குத் தாழ்ப்பாள் என்றேன். கல் உரசும் தகட்டை எடுத்தேன். அந்த இடத்தில் பச்சைப் பட்டாணி அளவில் ஒரு முளை கடைந்து பொருத்தினேன். கேப்பு அதன் தலையில் உட்காரும். பிறகு குதிரை. கல்லைக் கவ்வும் அதன் தாடையை அறுத்துவிட்டு, தட்டையான சுத்தியல் தலையாக மாற்ற வேண்டும். ரம்பத்தை வைத்தபோது அந்தத் தாடையில் அப்பாவின் அரத் தடம் தெரிந்தது. நேர் கோடாக இல்லை, அவருக்கு வலது தோள் எப்போதும் வலிக்கும். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. பரிவட்டத்தை நினைத்தேன். அறுத்தேன்.

அந்த வாரத்தில் தம்பி மூன்று முறை போன் பண்ணினான். வழக்கம்போல் கல் ரெடியா என்று கேட்கத்தான் என்று நினைத்துப் போனைக் கவிழ்த்து வைத்தேன். 'அக்கா, கூப்பிடு' என்று மெசேஜ் போட்டான். 'பிஸி' என்று பதில் போட்டேன். அதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இதற்கிடையே ஒரு பச்சைப் பட்டுப்புடவை எடுத்தேன். கொண்டைமேல் பரிவட்டம் நிற்குமா என்ற கவலை வந்தது. குளியல் துண்டை மடித்துக் கண்ணாடி முன் நின்று கட்டிப் பார்த்தேன். வீட்டுக்காரர் உள்ளே வந்து பார்த்துவிட்டு, தலைவலியா, தைலம் வேண்டுமா என்று கேட்டார்.

திருவிழா அன்று நாலு மணிக்கு மழை பிடித்தது. என் மனம் குளிர்ந்தது. தம்பி வந்தான், அந்த வருஷம் ஜிப்பா இல்லை, சாதாரண வெள்ளைச் சட்டை. கொழுப்பு என்று நினைத்துக்கொண்டேன். தலைவர்தான் பட்டு உடுத்தியிருந்தார். மைக்கைப் பிடித்து, கல் வைக்கும் பழக்கம் இத்தோடு முடிந்தது, சிப்பாய் சாமி நவீனமாகிவிட்டார் என்று அறிவித்தார். இனிமேல் கேப்பு வைக்கும் பொறுப்பைக் கோவில் தலைவர் என்ற முறையில் தானே ஏற்பதாகவும், இது பெரிய சுமைதான் என்றும் சொன்னார். நான் ஒரு அடி முன்னே வைத்திருந்தேன். அந்தக் காலைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

இழுத்தார். 'டப்' என்று மழையைத் தாண்டிக் கேட்டது. ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பரிவட்டம் அவர் தலையில் ஏறியது. 'ராவாங்கைச் சேர்ந்த ஒரு சகோதரிக்கும்' நன்றி சொன்னார். பெயர் மறந்துவிட்டதாம், எங்கள் வீட்டில் இரண்டு கிளாஸ் தேத்தண்ணி குடித்தவருக்கு.

அன்னதானப் பந்தலில் தம்பி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ஏன் மாற்றினாய் என்று மெதுவாகத்தான் கேட்டான். எனக்கு அடக்க முடியவில்லை. இத்தனை வருஷம் கல் தீட்டிக் கொடுத்தேனே, அக்காதான் செய்கிறாள் என்று ஒரு நாள் யாரிடமாவது சொல்லியிருக்கிறாயா என்று கேட்டேன். பக்கத்து இலைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"சொன்னேன் லா, அக்கா," என்றான். "தைப்பூசம் முடிஞ்சதும் தலைவர்கிட்டப் போயி, இந்த வருசத்துலேருந்து கல்ல அக்காதான் வைக்கும், பரிவட்டம் அதுக்குத்தான் கட்டணும்னு சொன்னேன். நான் விட்டுக் குடுத்தா யாரும் கேள்வி கேக்க முடியாதுல்ல. யோசிச்சுச் சொல்றேன்னாரு. அதச் சொல்லத்தான் ஒனக்குப் போன் பண்ணேன்."

தைப்பூசம் முடிந்தது. அவர் யோசித்தார். ஆரஞ்சுப் பழம் வாங்கினார். என் வீட்டுக்கு வந்தார். என்னைத் தடுக்க ஊரில் யார் கையாலும் முடியாது என்று தெரிந்துகொண்டு, என் கையையே வைத்து முடித்துவிட்டார். நான் இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சாம்பார் ஓடி ஓரத்துக்கு வந்துவிட்டது. தம்பி தன் அப்பளத்தை எடுத்து என் இலையில் வைத்தான். அதற்குத்தான் எனக்கு அழுகை வந்தது.

பழையபடி கல்லுக்கே மாற்றிவிடலாம் என்று அப்புறம் அவன் தலைவரிடம் கேட்டுப் பார்த்தான். சாமி ஏற்றுக்கொண்ட பிறகு மாற்றக் கூடாது, ஒரு வருஷம் வெடிக்காமல் போனால் பார்க்கலாம் என்று பதில் வந்தது.

இது நடந்து மூன்று திருவிழா ஆகிவிட்டது. ஒவ்வொரு சித்திரையிலும் தீட்டிய கல் ஒன்றைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, கூட்டத்தில் நின்று, இந்த வருஷமாவது வெடிக்கக் கூடாது என்று மனதார வேண்டிக்கொள்கிறேன். தலைவர் இழுக்கிறார். கொட்டுகிற மழையிலும் வெடிக்கிறது. நான் செய்த வேலையில் எப்போதும் பழுது இருக்காது.