பெயர்கள் ஓடி முடியும்வரை

என் அம்மா மஸ்கெலியாவுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவர். நான் உயர்தர வகுப்புப் படிக்கத் தொடங்கிய வருடம், பெய்ரூட்டில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போனார். அங்கே ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் அவர் மனைவியும் ஒரே மகளும் இருந்தார்கள். மகள் பல்கலைக்கழகத்தில் அனிமேஷன் படித்துக்கொண்டிருந்தாள். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா பேசும்போது அவளைப் பற்றிய கதை இல்லாமல் இருக்காது.

"அந்தப் புள்ள ஒரு பொம்மைய எழுப்பி நிக்க வைக்கவே நாள் கணக்கா வரையுது. சோறு தண்ணி ஞாபகமே இல்ல. நான்தான் ரொட்டிய சுருட்டி கையில குடுக்கணும்."

எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருக்கும். எனக்குச் சோறு போட்டது பெரியம்மா.

அங்கே மின்சாரம் நினைத்த நேரம் போகும், நினைத்த நேரம் வரும். இல்லாத நேரத்தில் அவள் படுத்துவிடுவாள். வந்ததும் அம்மா போய்க் கதவைத் தட்டி, "கரண்டு வந்துருச்சி" என்று தமிழிலேயே சொல்வாராம். அவள் முதலில் கற்றுக்கொண்ட தமிழ் அதுதான்.

கடைசி வருடம் அவள் ஒரு குறும்படம் செய்ய வேண்டியிருந்தது. ஊரில் என்ன வேலை செய்தீர்கள் என்று அம்மாவிடம் கேட்டாள். அம்மாவின் அரபு சமையலறையைத் தாண்டாது. அதனால் கொழுந்துக் கூடைக்குப் பதிலாக ஒரு துணிமூட்டையை முதுகில் தொங்கவிட்டு, அதன் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு மாடிப்படியில் ஏறிக் காட்டினார். அவள் ஃபோனில் படம் பிடித்தபடி, இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"முழங்காலு போச்சி" என்று அன்றைக்கு அம்மா சிரித்தார்.

அந்தக் குறும்படத்தில் ஒரு பெண் மலை ஏறுகிறாள், அவ்வளவுதான். அவள் அதை எனக்கும் அனுப்பியிருந்தாள். பாரம் சரியும்போது அம்மா இடது தோளை ஒருமுறை குலுக்கிக்கொள்வார். கோட்டில் வரைந்த அந்தப் பெண்ணும் குலுக்கினாள். என்னோடு பார்த்துக்கொண்டிருந்த பெரியம்மா, "இவள நேருல பாத்து எம்புட்டு நாளாச்சி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அந்தப் பெய்ரூட் பெண்மேல் இருந்த பொறாமை அன்றோடு போயிற்று.

படிப்பு முடிந்ததும் அவளுக்குக் கிடைத்தது பற்பசை விளம்பரத்துக்குப் பல் வரையும் வேலை. வெளிநாட்டுப் பெரிய ஸ்டூடியோக்களுக்குத் தன் படங்களை அனுப்பிக்கொண்டே இருந்தாள். பலர் பதிலே போடவில்லை. போட்டவர்கள் இப்போதைக்கு இடமில்லை என்றார்கள். அப்படிப் பதில் வரும் நாட்களில் அம்மா தேத்தண்ணியில் சீனியைக் கூட்டிப் போட்டுக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.

கடைசியில் அந்தக் குறும்படத்தைப் பார்த்து பிரான்ஸில் ஒரு கல்லூரி அவளைச் சேர்த்துக்கொண்டது. அங்கிருந்து ஒரு சிறிய கம்பனி, பிறகு லண்டனில் பெரிய ஸ்டூடியோ. அதற்குள் லெபனானில் நிலைமை கெட்டு, அம்மா ஊருக்குத் திரும்பிவிட்டார். நானும் தோட்டப் பாடசாலையில் ஆசிரியையாகிவிட்டேன்.

அவள் வேலை செய்த முதல் பெரிய படம் கண்டிக்கு வந்தபோது அம்மாவைக் கூட்டிப் போனேன். ஹட்டனில் பஸ் மாறிப் போனோம். அம்மா கல்யாண வீட்டுக்குக் கட்டும் சேலையைக் கட்டியிருந்தார்.

படத்தின் நடுவில் ஒரு கிழவர் நாற்காலியின் கைப்பிடியைத் தடவிப் பிடித்து, ஒரு கணம் நின்று மூச்சுவிட்டு, பிறகு எழுந்துபோய்க் கதவைத் திறந்தார். அம்மா என் கையைப் பிடித்தார்.

"இவரு அவ அப்பா மாதிரியே எந்திரிக்கிறாரு."

படம் முடிந்து விளக்குப் போட்டுவிட்டார்கள். சனம் வெளியே போயிற்று. திரையில் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. தரை கூட்ட வந்த ஆள், படம் முடிந்துவிட்டது என்று சிங்களத்தில் சொன்னார்.

"அபே துவகே நம எனகங் இன்னவா" என்றார் அம்மா. எங்கள் மகளின் பெயர் வரும்வரை இருக்கிறோம் என்று.

அவர் தும்புத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, தானும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பெயர் வந்ததும் நான் கையை நீட்டிக் காட்டினேன். அம்மாவுக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாது.

"எது?"

"அந்தா, மேல போவுது பாருங்க."

"போயிருச்சா?"

"போயிருச்சிம்மா."

"பாத்துட்டேன்" என்றார்.

வெளியே வந்து அவளை அழைத்தோம். படம் முழுவதும் அவள் வரைந்தது என்றுதான் அம்மா நினைத்திருந்தார். பல மாதம் உட்கார்ந்து தான் செய்தது சில காட்சிகள்தான் என்று அவள் சொன்னாள். அதிலொன்று அந்தக் கிழவர் எழும்பும் இடம். அம்மா அவளுடைய அப்பாவைப் பற்றி ஏதோ அரபியில் கேட்டார். அவள் அழுதுகொண்டே பேசியது எனக்கும் கேட்டது.

"அவருதானாம்" என்று அம்மா என்னிடம் சொன்னார். "அவருக்கும் நேத்துத்தான் காட்டுனாளாம். அவரு கண்டுபிடிக்கலியாம்."

அடுத்த மாதம் லீவு கிடைக்கும், எங்கள் தோட்டத்தைப் பார்க்க வரட்டுமா என்று அவள் கேட்டாள். அம்மா ஃபோனை என்னிடம் நீட்டினார்.

"இங்கிலீசுல வெவரமா சொல்லு. தை மாசம் வரட்டும். இப்ப வந்தா மழ, அட்ட கடிச்சிப் போடும் புள்ளைய."