வெறுங்காலில் நிற்கும் கால்

இதை எழுத வேண்டுமென்று பல வருடமாகப் பேனாவை எடுப்பேன், வைத்துவிடுவேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். அதைவிட, அம்மன் செய்ததைக் குறைத்துச் சொன்னது போல ஆகிவிடுமோ என்ற பயம்.

ஸ்ரீராம்புரத்தில் எங்களுக்கு ஒற்றை அறை வீடு. சர்க்கரை நோயால் என் வீட்டுக்காரருக்கு இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஒரு முகாமில் செயற்கைக் கால் கொடுத்தார்கள். ஷூ போட்டால் நன்றாக நடந்தார். கழற்றினால் குதிகால் தாழ்ந்து பின்பக்கமாகச் சாய்ந்தார். ஷூவின் உயரத்துக்கென்றே செய்த கால் அது.

எங்கள் வீட்டில் அடுப்பும் சாமி அலமாரியும் ஒரே அறையில்தான். அவர் ஷூவோடு உள்ளே வர மாட்டார். சாப்பாடு வாசல்படியில். படுக்க மட்டும் காலைக் கழற்றி வைத்துவிட்டுத் தவழ்ந்து வருவார். அதைப் பார்க்க எனக்குத் தாங்காது.

புது ஷூ வாங்கி, மஞ்சள் குங்குமம் வைத்து, "இது தெருவையே மிதிக்காததுங்க, உள்ள மட்டும் போட்டுக்குங்க" என்றேன்.

"பொட்டு வச்சா ஷூ பாதுகை ஆயிடுமா? இன்னாடி, சாமியையே ஏமாத்தப் பாக்கறியா?" என்று சிரித்தார். சிரித்தாரே தவிர போடவில்லை.

அப்புறம் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உலையை வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்காமலே பஸ்ஸுக்கு ஓடியிருக்கிறேன். செயற்கைக் கால் விற்கும் கடை கடையாக ஏறி இறங்கினேன். லேசான கால், வளைகிற கால் என்று காட்டினார்கள். எல்லாமே ஷூவுக்குத்தான். "கோயிலுக்குப் போனா?" என்று கேட்டேன்.

"வெளியவே நின்னு கும்பிடச் சொல்லுங்கம்மா" என்றார் ஒரு கடைக்காரர். அந்தப் பேச்சு பஸ்ஸிலும் என் கூடவே வந்தது. 'தாயே, உன் வாசலில் அவர் வெளி ஆளா?' என்று அம்மனிடம் சண்டை போட்டுக்கொண்டே வந்தேன்.

கடைசியில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த பட்டறைக்குப் போனோம். அளவெடுக்க வந்த பெண் கன்னடம் கலந்த தமிழில் அவரிடம் கேட்டாள்: "அண்ணா, மனேலே வெறுங்காலாதானே நடப்பீங்க? கீழ உக்காந்து ஊட்டா பண்ணுவீங்களா?"

மனே என்றால் வீடு, ஊட்டா என்றால் சாப்பாடு. அதுவரை யாருமே கேட்காத கேள்வி. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் ஐந்து விரலோடு ஒரு ரப்பர் பாதம் எடுத்து வந்தாள். வெறுந்தரையில் நிற்பதற்கென்றே செய்தது.

அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். "இன்னாம்மா, என்னைவிட இது கலரா இருக்கே!"

உடனே சரியாகிவிடவில்லை. உரசின இடம் புண்ணாகி, திரும்பத் திரும்பப் போய்ச் சரிசெய்தோம். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, அவரே வாசற்படி தாண்டி உள்ளே வந்து அலமாரி முன்னால் நின்றார். கற்பூரம் காட்டும்போது நான் சாமியைப் பார்க்கவில்லை. தரையில் பதிந்திருந்த அந்தப் பாதத்தையே பார்த்தேன்.

ஆடியில் அவர் கோயிலைச் சுற்றி வந்ததும் தெருவே பேசியது. "அக்கா, அம்மா காலு குடுத்துட்டாளாமே! எத்தனை வாரம் விரதம் இருந்தே?" பட்டறையைப் பற்றிச் சொன்னால் யார் காதிலும் ஏறவில்லை. போன மாதம், பக்கத்துத் தெருவில் கால் போன ஒருவர் டாக்டரிடம் போகாமல் விரதம் மட்டும் இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். அதற்குமேல் பேனாவை வைக்க முடியவில்லை.

அம்மன்தான் எங்களை அந்தப் பட்டறைக்கு அழைத்துப் போனாள். அதில் எனக்குச் சந்தேகமில்லை. படிப்பவர்கள், தேவைப்படுகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள். அம்மனையும் விடாதீர்கள், பட்டறையையும் விடாதீர்கள். அபிஷேகத் தண்ணீரில் அந்தக் கால் இன்னும் வழுக்குகிறது, கையைப் பிடித்துக்கொண்டுதான் கோயிலைச் சுற்றுகிறோம். அதையும் அப்படியே சொல்லுங்கள்.