ஒரு வாய்த் தண்ணி

உசிலம்பட்டிச் சந்தையில் மிளகாய் வற்றல் விற்கிற மாயக்காளிடம் பேரம் பேசி ஜெயித்தவர் கிடையாது. அப்பேர்ப்பட்ட வாய்க்காரிக்கே எண்பத்திரண்டாம் வருசம் பேச்சு அடைத்துப் போனது. மதுரையில் படித்துக்கொண்டிருந்த மகள் முத்துத்தாய்க்கு இங்கிலாந்தில் ஒரு வருசம் படிக்க இடம் கிடைத்துவிட்டது. படிப்புக்குப் பணம் வேண்டாமாம்; போகிற செலவும் சாப்பாட்டுச் செலவும் நம் பாடாம். நல்ல கதை! இருந்த ஒரு துண்டுக் கரிசல்காட்டை விற்றாள். விமான டிக்கெட்டோடு அது தீர்ந்தது. அங்கே போய்ப் பிள்ளை எதைத் தின்னும்?

ஊரெல்லாம் செய்முறைப் பணம் வைத்தவள் அவள். காதுகுத்தோ கல்யாணமோ இழவோ, எந்த வீட்டுக்கும் வெறுங்கையோடு போனதில்லை. அவள் வீட்டில் ஒரு விசேஷம் வைத்தால் அத்தனையும் திரும்பி வரும். பிள்ளைக்குக் கல்யாணத்தை வை என்றார்கள் சொந்தக்காரர்கள்.

"கல்யாணம் முடிச்சா அவ எங்கிட்டுப் போயிப் படிப்பா? போங்கய்யா அங்கிட்டு!" என்று விரட்டிவிட்டாள்.

தம்பி காசிமாயன்தான் மெல்ல ஆரம்பித்தான். "யக்கா, மச்சான் போயி ஒம்பது வருசமாச்சு. கருமாதி வச்சிருவமா?"

அவள் புருசன் பேயாண்டி, சோழவந்தானில் வெற்றிலை கிள்ளும் வேலைக்கென்று ஒரு மத்தியானம் கிளம்பியவர். போய்ச் சேரவில்லை. செத்ததைப் பார்த்தவரும் இல்லை.

"உசுரோட இருந்தா என்னடா செய்ய?"

"இருந்தா வராமயா இருப்பாரு? கனவுல வந்து தண்ணி கேட்டாருன்னு சொல்லு. ஊரே நம்பும்."

சொன்னாள். அவள் வாய்க்குக் கேட்கவா வேண்டும்! "ஒதடெல்லாம் காஞ்சு, வாசல்ல நின்னு, 'மாயக்கா, ஒரு வாய்த் தண்ணி குடு'ன்னு கேட்டாக" என்று அவள் சொல்லச் சொல்ல, கேட்டுக்கொண்டிருந்த பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள்.

அவர் விட்டுப்போன வேட்டியை வைத்துச் சடங்கு நடந்தது. தாலியைக் கழற்றி அந்த வேட்டியின் மேலேயே வைத்தாள். படையல் சோற்றை ஒரு காக்காய்கூடத் தொடவில்லை. செய்முறை மட்டும் நிறையவே விழுந்தது.

இலை எடுக்கப் போனவள் பந்தியின் கடைசியில் திக்கென்று நின்றாள். கருமாதிச் சாப்பாட்டில் இலையை எதிர்ப்பக்கமாக மடிப்பதுதான் வழக்கம். அந்த ஒரு இலை மட்டும், கல்யாண வீட்டில் மடிப்பதுபோல, சாப்பிட்டவர் பக்கமாக மடிந்திருந்தது. அங்கே யார் உட்கார்ந்திருந்தார் என்று யாருக்கும் ஞாபகமில்லை.

பயணத்துக்கு முதல்நாள் உச்சிவெயில். மகள் மாமன் வீட்டுக்குச் சொல்லிக்கொள்ளப் போயிருந்தாள். தெருவில் ஒரு நாயைக்கூடக் காணோம். கதவைச் சாத்திவிட்டு மகளின் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள் மாயக்காள்.

"மாயக்கா, ஒரு வாய்த் தண்ணி குடு."

அவர் குரலேதான். அவள் ஜோடித்துச் சொன்ன அதே வார்த்தை. பேயாக வந்திருந்தால் பயம். மனுசனாக வந்திருந்தால் அதைவிடப் பயம். ஆள் உயிரோடு இருப்பது தெரிந்தால் ஊர் சும்மா விடுமா? செய்முறையை அப்படியே திருப்பி வை என்பார்கள். மகளின் பயணம் அத்தோடு முடிந்தது.

"எங்க வீட்டாளுக்குக் கருமாதி முடிஞ்சிருச்சு" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. "எம்பிள்ள நாளைக்கு வெளிநாட்டுக்குப் படிக்கப் போகுது. அதுக்குத்தான் வச்சேன். யாரா இருந்தாலும் போயிருங்க."

வெளியிலிருந்து, "தண்ணியாச்சும் குடுப்பியா?" என்றது குரல்.

மனசு கேட்கவில்லை. செம்பில் தண்ணீர் மொண்டு, கதவை ஒரு சாண் திறந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டே படியில் வைத்துவிட்டுச் சாத்தினாள். மடக் மடக்கென்று குடிக்கிற சத்தம் கேட்டது. கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு செம்புத் தண்ணீர் அவ்வளவு நேரத்துக்கு வராது. கதவில் முதுகைச் சாய்த்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

பொழுது சாய மகள் வந்தாள், கையில் செம்போடு.

"வாசல்ல காலியாக் கெடந்துச்சும்மா. யாரு வந்தது?"

"யாரும் வரல தாயி. உங்கப்பா செத்துட்டாக. நீ பெட்டியக் கட்டு."