ரீட்டாவின் கம்ப்யூட்டரில் ஒரு வரி

பழைய மானிட்டரின் பின்பக்கம் ஒரு வாசனை வரும், ஞாபகம் இருக்கிறதா? சூடான தூசியும் பிளாஸ்டிக்கும் கலந்தது... ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு மாடி ஆபீஸில் மூன்று வருஷம் அந்த வாசனையில்தான் குடித்தனம் நடத்தினேன்.

பதினாறு கம்ப்யூட்டர், ஒரு சர்வர், ஒரே சிஸ்டம் அட்மின். அடியேன்தான். எது நின்றாலும் "சேவியர்!" என்று குரல் வரும். போய் செட்டிங்ஸைத் திறந்து எதையாவது மாற்றி, டாக்டர் மாதிரி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு ரீஸ்டார்ட் செய்வேன். பாதி நேரம் வெறும் ரீஸ்டார்ட்டே போதும். நெற்றியைச் சுருக்கியது மரியாதைக்காக.

ஒரு திங்கட்கிழமை காலை எம்.டி. கூப்பிட்டார்.

"ஆபீஸ் நேரத்துல பாதி பேர் கல்யாண சைட்ல வரன் பாத்துட்டிருக்காங்க. அதை மூடுப்பா. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லாத."

ஹோஸ்ட்ஸ் என்று எல்லா கம்ப்யூட்டரிலும் ஒரு சின்ன ஃபைல் உண்டு. அதில் ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும், அந்த சைட் அந்த மெஷினில் திறக்காது. "வைரஸ் அப்டேட்" என்று புளுகிக்கொண்டே நாற்காலி நாற்காலியாகப் போய் பதினாறிலும் சேர்த்துவிட்டேன்.

நாலு மணிக்கு ரீட்டா கூப்பிட்டாள்.

எங்கள் சாஃப்ட்வேருக்கு யூசர் மேனுவல் எழுதுபவள். மந்தைவெளிப் பெண், எங்கள் பங்குக் கோயில்தான். ஞாயிறு பூசையில் அவளுக்கு ரெண்டு பெஞ்ச் பின்னால் உட்கார்ந்தால்தான் எனக்கு பக்தியே வரும்.

"ஒரு சைட் ஓபன் ஆக மாட்டேங்குது சேவியர். துபாய்ல ஒருத்தர் இன்ட்ரஸ்ட் அனுப்பியிருக்காராம். வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் போடணும்னு அப்பா உயிரை எடுக்கறாரு. வீட்டுல நெட்டும் இல்ல..."

அந்த வரியை அழித்தால் துபாய்க்காரன் உள்ளே வந்துவிடுவான். அழிக்காவிட்டால் நான் அயோக்கியன்.

அயோக்கியனாகவே இருந்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

செவ்வாய் கேபிளை மாற்றினேன். புதன், சம்பந்தமே இல்லாமல் மௌஸை மாற்றினேன். வியாழன் வைரஸ் ஸ்கேன் போட்டுவிட்டு, அது முடிகிற வரை பக்கத்திலேயே உட்கார்ந்து கதை பேசினேன். சைட் திறக்கிறதா என்று ஒருமுறைகூடப் பார்க்கவில்லை... அடைத்தவனே நான், பார்க்க என்ன இருக்கிறது?

ஆபீஸ் அசிஸ்டென்ட் முனுசாமி அண்ணன் டீயை வைத்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னா நைனா, அந்தப் பொண்ணு மிசினு மட்டும் டெய்லி புட்டுக்குது?"

வெள்ளிக்கிழமை மதியம் மனசு கேட்கவில்லை. என்னை நம்பித்தானே நாலு நாளாகக் கூப்பிடுகிறாள். வெட்கமாக இருந்தது. அவள் சாப்பிடப் போயிருந்த நேரம் அவள் சீட்டில் உட்கார்ந்து, வரியை அழிப்பதற்காக ஃபைலைத் திறந்தேன்.

நான் சேர்த்த வரிக்கு முன்னால் ஒரு # குறி இருந்தது.

அந்தக் குறியைப் போட்டால் கம்ப்யூட்டர் அந்த வரியைக் கண்டுகொள்ளாது. அதாவது, சைட் திறக்கும். ஃபைலைக் கடைசியாக மாற்றிய நேரத்தைப் பார்த்தேன். திங்கட்கிழமை, மதியம் மூன்றே கால்.

அவள் என்னை முதல்முறை கூப்பிட்டதே நாலு மணிக்கு!

அப்போதுதான் உறைத்தது. மேனுவலில் ஒரு அத்தியாயத்துக்காக இந்த ஃபைலைப் பற்றி போன மாதம் அவளுக்கு ஒரு மணி நேரம் பாடம் எடுத்தது நானேதான். ஒரு வார்த்தைகூட விடாமல் அழகாகக் குறிப்பு எடுத்துக்கொண்டாள்.

டிபன் பாக்ஸோடு திரும்பி வந்தவள் ஸ்கிரீனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"சரியாயிடுச்சா?"

"ஆ... ஆயிடுச்சு போல."

"இல்லையே," என்றாள், முகத்தில் ஒன்றையும் காட்டாமல். "திங்கட்கிழமை வந்து இன்னொரு வாட்டி பாருங்க."

அடுத்த வருஷம் பங்குக் கோயிலில் எங்கள் கல்யாண ஓலையை வாசித்து, யாருக்காவது தடை உண்டா என்று சாமியார் கேட்டபோது என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

இப்போது தரமணியில் வேலை. நான் பார்க்கும் சர்வர்கள் எந்த ஊரில் இருக்கின்றன என்றுகூடத் தெரியாது. ஏதாவது நின்றால் ஒரு மெஷின் புகார் டிக்கெட் போடுகிறது, இன்னொரு மெஷின் சரிசெய்து மூடிவிடுகிறது. "சேவியர், கொஞ்சம் வாங்களேன்" என்று கூப்பிட அங்கே யாரும் இல்லை... அது மட்டும்தான் குறை.

போன ஞாயிறு வீட்டில் உள்ளறையிலிருந்து குரல் வந்தது. "நெட் வரல!"

போனேன். ரவுட்டரில் எல்லா விளக்கும் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. ரீட்டாவின் போனில் யாரோ ஜாலியாக கேக் செய்துகொண்டிருந்தார்கள்.

"என்ன ப்ராப்ளம்?" என்றேன்.

"தெரியல," என்று கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். "உக்காந்து பாருங்க."